பெட்ஷீட்டோட அந்த முனை

எங்க ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துச் சுவத்துல ஒரு நாள் காலையில புது நோட்டீஸ் ஒண்ணு இருந்துச்சு. "பணி நேரத்தில் ஊழியர்கள் பாடுவது தடை செய்யப்படுகிறது." கீழ மேனேஜர் கையெழுத்து. ஊழியர்கள்னு பன்மையில போட்டிருந்தாரு. இருபத்தாறு பேர் வேலை பார்க்கிற இடம் அது. அதுல பாடறது ஒருத்திதான். நேரா அவ பேரைப் போட்டு எழுத மனுஷனுக்குத் தைரியம் வரல.

அவ பேரை நானும் சொல்லப் போறதில்ல. எல்லாரும் சைரன்னுதான் கூப்பிடுவோம். புதுசா வந்த பாய்லர்காரர் ஒருத்தர் முதல் நாள் அவ பாட்டு எடுத்த எடுப்புல, அபாய மணி அடிக்குதுன்னு நெனச்சு செருப்பைக்கூட போடாம வெளிய ஓடினாரு. அன்னிக்கு வச்ச பேரு. அவளுக்கு அதுல பெருமைதான்.

சைரன் இருபத்திரெண்டு வயசுல வேலைக்கு வந்தவ. மூணு வருஷம் அழுக்குத் துணிப் பக்கத்துல மூட்டை பிரிச்சா. எந்த வார்டு, என்ன கறை, எந்தத் துவைக்கற டிரம்முக்குப் போகணும்னு மூக்காலயே சொல்வா. அப்புறம் சுத்தப் பக்கத்துக்கு மாத்தினாங்க. அங்க ஒரு உருளை இஸ்திரி மெஷின் இருக்கு, ஒரு லாரி நீளத்துக்கு. ஈரத் துணியை ஒரு பக்கம் விட்டா, மறு பக்கம் அப்பளமாட்டம் சுடச்சுட வரும். அதை ரெண்டு பேர் புடிக்கணும். ஆளுக்கு ரெண்டு மூலை. மூணு அடி பின்னால போகணும், உடம்பைச் சாய்ச்சு ஒரு இழு. படார்னு ஒரு சத்தம் வரும். பாதியா மடி. மறுபடி இழு. மறுபடி மடி. அப்புறம் ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நடந்து வந்து, மூலையை மூலையோட சேர்த்து ஒருத்தி கையில குடுக்கணும். ஒரு ஷீட்டுக்கு இருபது வினாடி. அந்த இழுப்புலதான் அவளுக்குப் பாட்டு வரும். வார்த்தையெல்லாம் அவளே கட்டறது.

"மூலையப் புடி மூலையப் புடி
முந்தாநாள் கறையப் புடி
ஏழாம் வார்டு தாத்தா கொட்டின
எலுமிச்சம் சாறப் புடி"

இப்படிப் போகும். உருப்படியான பாட்டுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தக் குரல் இருக்கே, கம்பியை முறுக்கி விட்ட மாதிரி, நடுங்காம, ஒரு ஷீட் முடியற வரைக்கும் அப்படியே நிக்கும்.

அந்தப் பக்கம் இழுக்கிறவ அவ நாத்தனார், புருஷனோட தங்கச்சி. பதினோரு வருஷத்துக்கு முன்னால சைரன்தான் சிபாரிசு பண்ணி வேலைக்குச் சேர்த்து விட்டா. ஒரே வீட்டுல மாடியில இவ, கீழ அவ. நாத்தனாருக்குப் பாட்டுங்கறது சுத்தமா வராது. சைக்கிள் பெல் அடிச்சாலாவது அதுல ஒரு சுருதி இருக்கும். அதனால வாயைத் திறக்காம, உம்முன்னு இழுப்பா. பேசறதுக்குத் திறந்தா மட்டும் எதிர்ல நிக்கிறவன் ஜாக்கிரதையா இருக்கணும்.

நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கு மத்தியானம் சைரன் என்னைத் தேடி வந்தா. அப்ப நான் தொழிலாளர் சங்கத்துல செயலாளர்.

"அண்ணே, இதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

"பண்ணலாம்மா. முதல்ல ஒரு கண்டனக் கூட்டம் போடுவோம். அதுவரைக்கும் வீட்டுல பாடிக்கோ."

"வீட்டுல வராதுண்ணே."

"ஏன் வராது? தொண்டை வீட்டுக்கு வராதா?"

அவ சிரிக்கல. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா. கொழுந்தனார் புது வீட்டுக்குக் குடி போனப்ப எல்லாரும் சுத்தி உக்காந்து பாடச் சொன்னாங்களாம். எந்திரிச்சு நின்னு வாயைத் திறந்தா, எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம். அதோட சரி. மாமியார் சொன்னாங்களாம், "ஊர்ல இருக்கற சீக்காளிக்கெல்லாம் பாடுவா. நமக்குன்னா பிகு." அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே பேச்சு. பஸ் ஓட்டற புருஷன்கூட, அவ கல்யாணமாகி வேலைக்கு வந்த இந்தப் பத்தொம்பது வருஷத்துல அவ பாட்டைக் கேட்டதில்ல. அவரும் பிகுன்னுதான் நம்பிக்கிட்டிருக்காரு.

"எனக்கு அங்க மட்டும்தான் வருது. ஏன்னு தெரியல. அங்க வாயை மூடினா எனக்குப் பாட்டே கிடையாதுண்ணே."

நான் மேனேஜர்கிட்ட போனேன். கெட்ட மனுஷன் இல்ல. புதுசா வந்தவரு. கழுத்துல ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும், சாப்பிடறப்பகூட.

"பாடினா மூச்சு செலவாகுது. மூச்சு செலவானா கை ஓயும். கை ஓஞ்சா ஷீட் குறையும்" அப்படின்னாரு.

"எவன் சொன்னான்?"

"இதுக்கு ஒருத்தன் சொல்லணுமா? எளிய கணக்கு. இல்லைன்னு யாராவது நிரூபிச்சுக் காட்டுங்க, நானே நோட்டீஸைக் கிழிக்கறேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்."

இருபத்து மூணு நாள் இருந்துச்சு. மூச்சு செலவாகலைன்னு எப்படி நிரூபிக்கறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கோஷம் போடறது. கூட்டம் போட்டேன், தீர்மானம் போட்டேன். தீர்மானத்தை மேனேஜர் வாங்கி, மடிச்சு, டீ கிளாஸுக்கு அடியில வச்சாரு.

நாலாவது நாள், வெள்ளைக் கோட்டு போடாத ஒரு டாக்டர் சலவைக் கூடத்துக்குள்ள வந்தாங்க. துவைக்கப் போட்ட கோட்டைத் தேடித்தான் வந்தாங்க. அதோட பாக்கெட்ல கட்டை விரல் அளவு கம்ப்யூட்டர் சாமான் ஒண்ணு மாட்டிக்கிச்சாம். நாத்தனார் அதை ஏற்கெனவே எடுத்து ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தா. வாங்கிக்கிட்டு அந்தம்மா போகல. அண்ணாந்து கூரையைப் பார்த்தாங்க.

"இங்க இருந்து நாலாவது மாடிக்கு ஒரு காத்துக் குழாய் வருது. அது வழியா தினமும் எங்க ரூமுக்குப் பாட்டு வரும். நாலு நாளா வரல. ரேடியோ ரிப்பேரா?"

நாத்தனார் சொன்னா, "ரேடியோ இதோ நிக்குது. ரிப்பேர் பண்ணினவரு அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்காரு."

அந்தம்மா ஊசி போடற டாக்டர் இல்ல. ஆராய்ச்சி டாக்டர். பாடறப்ப உடம்பு என்ன பண்ணுதுங்கறதுதான் அவங்க ஆராய்ச்சி. தொண்டை மட்டும் இல்ல. விலா, வயிறு, முதுகு, பாதம் வரைக்கும். ரெண்டு வருஷமா மேடைப் பாடகர்களையே கூட்டிட்டு வந்து அளந்துக்கிட்டிருந்தாங்க. யார்கிட்டயும் பாட்டுக் கத்துக்காத ஒரு தொண்டை வேணும்னு தேடிக்கிட்டிருந்த நேரம். சைரனைப் பார்த்ததும் கடையில கேட்ட சைஸ் கிடைச்ச மாதிரி அவங்க முகம் மாறிப் போச்சு.

நான் விடுவேனா? "டாக்டரம்மா, பாடினா கை ஓயுமா ஓயாதா, அதையும் சேர்த்து அளந்து சொல்லுங்க" அப்படின்னேன்.

"அளக்கலாம். ஆனா என்ன வருதோ அதைத்தான் சொல்வேன்."

"அதான் எங்களுக்கும் வேணும்" அப்படின்னு சொல்லி வச்சேன். உள்ளுக்குள்ள எனக்கு வேண்டியது வேற.

நாலாவது மாடியில ஒரு சின்ன ரூம். சுவரெல்லாம் பஞ்சு வச்சுத் தச்சிருக்கும், மெத்தைக்குள்ள நிக்கற மாதிரி. முதல்ல மூக்கு வழியா நூல் மாதிரி ஒரு கேமராவை விட்டாங்க. சைரன் கண்ணுல தண்ணி வந்துச்சு, ஆனா திரையில இருந்து பார்வையை எடுக்கல. தொண்டைக்குள்ள வெளுப்பா ரெண்டு மடிப்பு. "ஆ"ன்னா ஒண்ணா சேரும், மூச்சு விட்டா விலகும்.

"இதுதான் குரல் நாண். நீங்க பாடறப்ப ஒரு வினாடிக்கு இருநூறு, முந்நூறு தடவை இது ரெண்டும் தட்டிக்குது" அப்படின்னாங்க டாக்டரம்மா.

கேமராவை எடுத்ததும் சைரன் கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோதானா?" அப்புறம், "தலகாணி உறை ஓரம் மாதிரி இருக்கு. தையல் விட்டுப் போகாதுல்ல?"

அடுத்தது பட்டை. நெஞ்சைச் சுத்தி ஒண்ணு, வயித்தைச் சுத்தி ஒண்ணு. ரெண்டுலயும் உள்ள ஒரு கம்பி வளைஞ்சு வளைஞ்சு போகும். மூச்சு இழுத்தா பட்டை விரியும், திரையில கோடு ஏறும். விட்டா இறங்கும். ஒவ்வொரு பட்டை மேலயும் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி மாட்டணும், அதுதான் கணக்கை கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மைக்கை முன்னால வச்சு, "நேரா நில்லுங்க, கையைத் தொங்கப் போடுங்க, பாடுங்க" அப்படின்னாங்க.

கதவுச் சத்தம்தான் வந்துச்சு.

ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவை இருமல். சைரன் என்னைப் பார்த்தா. "பாருங்கண்ணே, பிகு பண்றேனா?"

டாக்டரம்மா திரையில ஓடற கோட்டைப் பார்த்தாங்க. "பண்ணல. மூச்சு இழுத்ததும் விலா சடார்னு இறங்கிடுது. காத்து மொத்தமா கொட்டிடுது. குரலுக்கு ஒண்ணும் மிஞ்சல. பட்டை புதுசுங்கறதால கூச்சமா இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போங்க. வேலையிலயும் வீட்லயும் ரெண்டு நாள் கட்டிப் பழகுங்க. திங்கக்கிழமை கொண்டாங்க. ஒண்ணு மட்டும், ஜாக்கிரதை. என்கிட்ட இருக்கறது இந்த ஒரு ஜோடிதான்."

இங்கதான் சனியன் புடிச்சுது. எங்க சலவைக் கூடத்துல ஒரு சட்டம் உண்டு. வாசக் கதவுக்கு மேலயே பெரிய எழுத்துல எழுதியிருக்கும்: உடம்புல பட்டது எதுவும் துவைக்காம கை மாறக் கூடாது. மேனேஜர் மாறுவாரு, மெஷின் மாறும், இது மட்டும் மாறாது. பத்தொம்பது வருஷம் அந்தச் சட்டத்துக்குக் கீழ நடந்தவ சைரன். ஞாயித்துக்கிழமை ஷிப்ட் முடியறப்ப, பட்டையைக் கழட்டினா. ரெண்டு நாள் வேர்வை. இதையா ஒரு படிச்ச அம்மா கையில குடுக்கறது?

திங்கக்கிழமை காலையில டாக்டரம்மா மேஜை மேல ஒரு பொட்டலம் வந்துச்சு. நாலா மடிச்சு, ஓரம் ஓரத்தோட சேர்ந்து, சோப்பு வாசனையோட. கொதிநிலைத் துவைப்பு. அதுக்கப்புறம் உருளை இஸ்திரி. மூலையில ஆஸ்பத்திரி முத்திரைகூட குத்தியிருந்துச்சு.

டாக்டரம்மா அதை விரிச்சாங்க. பட்டை பாதியா சுருங்கியிருந்துச்சு. உள்ள இருந்த கம்பி நொறுங்கி, ஆட்டினா சலசலன்னுச்சு.

"துவைச்சீங்களா?"

"நல்லா" அப்படின்னா சைரன்.

அந்தம்மா நாற்காலியில உக்காந்துட்டாங்க. புதுசு வரணும்னா கப்பல்ல வரணும், பத்து வாரம் ஆகும்னாங்க. எங்களுக்கு மிச்சம் பதினாலு நாள். சைரனுக்கு அப்பதான் விஷயம் உறைச்சுது. முகம் செத்துப் போச்சு. "என் கையாலயே என் பாட்டைத் துவைச்சுட்டேனா?"

நாத்தனார் மெதுவா ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல வச்சா. உள்ள அந்தத் தீப்பெட்டி சைஸ் பெட்டி ரெண்டும் முழுசா இருந்துச்சு. "பொத்தான் மாதிரி இருந்துச்சு. பொத்தானைக் கழட்டாம டிரம்ல போட்டா மெஷின் கெடும். அண்ணி மறந்துட்டாங்க, நான் கழட்டினேன்."

"அப்ப பட்டையையும் கழட்ட வேண்டியதுதானேடி?"

"பட்டை அழுக்கா இருந்துச்சு, அண்ணி."

பெட்டி பொழச்சா ஆராய்ச்சி பொழச்சுது. கம்பியும் பட்டையும்தானே வேணும். கூடத்துக்குப் பின்னால கிழிசல் தைக்கிற ரூம்ல எங்க டெய்லர் மாஸ்டர் இருக்காரு. டாக்டரம்மா கம்பி எப்படி வளைஞ்சு வளைஞ்சு போகணும்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினாங்க. நேராத் தச்சா பட்டை விரியாதுன்னு விளக்கினாங்க. மாஸ்டர் கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டு, "அம்மா, முப்பது வருஷமா நோயாளி பைஜாமாவுக்கு இடுப்புப் பட்டை தைக்கறேன். விரியாத பட்டை தச்சிருந்தா எத்தனை பேர் என்னை வெட்டியிருப்பாங்க" அப்படின்னாரு. பைஜாமா எலாஸ்டிக்ல, மெல்லிசா ஒரு செம்புக் கம்பியை வளைச்சு வளைச்சு ஓட்டி, மூணு நாள்ல தச்சுக் குடுத்தாரு. ஒரு ஜோடி கேட்டா ரெண்டு ஜோடி. துணி வெட்ட ஆரம்பிச்சா ஒண்ணோட நிறுத்தத் தெரியாது அவருக்கு.

டாக்டரம்மா கட்டிப் பார்த்தாங்க. கோடு ஏறுச்சு, இறங்குச்சு. பழசை விட நல்லா இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. ரெண்டாவது ஜோடியைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சாங்க. ரிப்பேருக்குப் போயிருந்த பெட்டி ரெண்டு அன்னிக்குத்தான் அவங்ககிட்ட திரும்பி வந்திருந்துச்சு.

"ரூம்ல வராதது கூடத்துல வருதுன்னா, கூடத்துல என்ன இருக்கு?" அப்படின்னு கேட்டாங்க.

"மெஷின் இருக்கு. சூடு இருக்கு. ஷீட் இருக்கு" அப்படின்னா சைரன்.

"நான் இருக்கேன்" அப்படின்னா நாத்தனார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னா. டாக்டரம்மா அவ இடுப்பைப் பார்த்தாங்க. ரெண்டாவது ஜோடி அங்க போச்சு.

மாசக் கடைசி வேலை நாள், கூடத்துலயே அளவு. மேனேஜர் ஸ்டாப் வாட்ச்சோட நின்னாரு. பத்து நிமிஷம் பாட்டோட, பத்து நிமிஷம் பாட்டில்லாம, இப்படி மாத்தி மாத்தி மொத்தம் ஆறு சுத்து, ரெண்டுக்கும் மும்மூணு. மத்தவங்கல்லாம் வேலை செய்யற மாதிரி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. சைரன் முதல் ஷீட்டைப் புடிச்சா, மூணு அடி பின்னால போனா. நாத்தனார் சாய்ஞ்சு இழுத்தா. படார். இருபத்திரெண்டு நாளா அடைச்சு வச்சிருந்த குரல் வந்துச்சு. பாய்லர்காரர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சிரிச்சாரு.

டாக்டரம்மா திரையில இருந்து கண்ணை எடுக்கல. திடீர்னு, "இந்தப் பக்கம் கொஞ்சம் லூசா விடுங்க" அப்படின்னாங்க நாத்தனார்கிட்ட. பாட்டு நடுவுல நாத்தனார் மணிக்கட்டைத் தளர்த்தினா. ஷீட் தொய்ஞ்சுது. குரல் சறுக்கி, கதவுச் சத்தமா போச்சு. "இழுங்க." குரல் ஏறிச்சு. "விடுங்க." சறுக்கிச்சு. நாத்தனாருக்குப் பதினோரு வருஷத்துல அப்படி ஒரு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்ல.

"டாக்டரம்மா, இன்னொரு தடவை விடட்டுமா?"

"போதும்டி" அப்படின்னா சைரன்.

அன்னிக்குச் சாயங்காலம் டாக்டரம்மா எங்களை உக்கார வச்சுச் சொன்னாங்க. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு. மூச்சு இழுத்தா அது இறங்கும், விலா விரியும். பாடணும்னா விரிஞ்ச விலாவைச் சட்டுனு மூட விடாம தாங்கிப் புடிக்கணும், காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். மேடைப் பாடகர்கள் அதுக்கு வருஷக் கணக்குல சாதகம் பண்றாங்க. சைரனுக்கு அந்தத் தாங்கற வேலையை ஷீட் செஞ்சு குடுக்குது. கை முன்னால இழுபடுது, முதுகு பின்னால சாயுது, கால் தரையில ஊணுது, விலா திறந்தே நிக்குது. எதிர்ல ஆள் விட்டா எல்லாம் சரியுது.

"அப்ப நான் பிகு பண்ணல" அப்படின்னா சைரன். அதை மட்டும் மூணு தடவை கேட்டு வாங்கிக்கிட்டா.

"இன்னொண்ணு" அப்படின்னு டாக்டரம்மா திரையில நாத்தனாரோட மூச்சுக் கோட்டைக் காட்டினாங்க. சைரன் பாடறப்ப, நாத்தனார் மூச்சும் அதே நொடியில உள்ள போகுது, அதே நேரம் நிக்குது, அதே மாதிரி மெதுவா வெளிய வருது. பாட்டில்லாத பத்து நிமிஷத்துல ரெண்டு கோடும் ஆளுக்கு ஒரு பக்கம் போகுது. "வாயைத் திறக்கல. ஆனா மத்த உடம்பு பூரா பாடற மாதிரிதான் மூச்சு விடுது. இவங்க சத்தமில்லாமப் பாடறாங்க."

"அந்தச் சத்தமில்லாததாலதான் பதினோரு வருஷம் நான் நிம்மதியா இருக்கேன்" அப்படின்னா சைரன்.

சரி, கணக்கு? பாட்டோட தொண்ணூத்திரெண்டு ஷீட். பாட்டில்லாம தொண்ணூத்து மூணு. "டாக்டரம்மா, பாட்டு வேகத்தைக் கூட்டும்னு எழுதுங்க. ஒரு ஷீட்டு தானே" அப்படின்னேன். நான் எழுதின பிரசுரத்துல ஐநூறு பேர் வந்த கூட்டம் ஆயிரம் ஆகும். இந்தம்மாகிட்ட தொண்ணூத்திரெண்டு தொண்ணூத்திரெண்டாவே நின்னுச்சு.

"கூட்டல. குறைக்கவும் இல்ல. ஒரு ஷீட் வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்ல. இந்த ரெண்டு பேர்கிட்ட, இந்த ஒரு நாள்ல, பாட்டால கை ஓயல. இவ்ளோதான் நான் சொல்வேன். உலகத்துக்கெல்லாம் பொருந்தும்னு சொல்ல மாட்டேன்."

ஆனா மேனேஜர் வேற ஒண்ணை எண்ணி வச்சிருந்தாரு. கோணலா மடிஞ்சு மறுபடி மெஷினுக்குப் போன ஷீட். பாட்டோட நாலு. பாட்டில்லாம பதினேழு. மூச்சு ரெண்டும் சேர்ந்து போனா மூலையும் சேருது போல. மனுஷன் நேர்மையானவரு, சொன்ன மாதிரியே நோட்டீஸைக் கிழிச்சாரு. நான் கை தட்டினேன். கொஞ்சம் சீக்கிரமாத் தட்டிட்டேன்.

மறுநாள் காலையில அதே இடத்துல புது நோட்டீஸ். "இஸ்திரிப் பிரிவில் காலை எட்டு முதல் ஒன்பது வரையும், பிற்பகல் இரண்டு முதல் மூன்று வரையும் பாட்டு பாடப்பட வேண்டும்."

பாடப்பட வேண்டுமாம். சைரன் அதைப் பார்த்துட்டு என்கிட்ட வந்தா. "அண்ணே, பாடாதேன்னப்பகூட எனக்கு இவ்ளோ ஆத்திரம் வரல. எனக்குத் தோணினப்ப வர்றதுதான் பாட்டு. இவர் எட்டு மணிக்குத் திருகினா வர்றதுக்கு நான் என்ன குழாயா?"

"கண்டனக் கூட்டம் போடுவோம். கையெழுத்து வாங்குவோம். அப்புறம்..."

"நீங்க கூட்டத்தை முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

நாத்தனார் டீயை ஊதிக்கிட்டே, "நான் பார்த்துக்கறேன்" அப்படின்னா.

மறுநாள் எட்டு மணி. மேனேஜர் வாட்ச்சை அமுக்கினாரு. ஷீட் வந்துச்சு. ரெண்டு பேரும் புடிச்சாங்க, மூணு அடி பின்னால போனாங்க. சைரன் வாயைத் திறந்தா. கதவுச் சத்தம். நடுவுல ஷீட் குழந்தைத் தூளி மாதிரி தொங்கிக்கிட்டிருந்துச்சு.

"என்னாச்சு? ஏன் வரல?" அப்படின்னாரு மேனேஜர்.

நாத்தனார் பதில் சொன்னா. "பட்டை கட்டி அளந்தீங்களே சார். நான் இழுத்தாத்தான் அண்ணிக்கு வரும். எட்டு மணிக்கு என் மணிக்கட்டு இழுக்க மாட்டேங்குது. ஆராய்ச்சியில இருக்கு, பாருங்க."

"அப்ப ஷீட்டை எப்படி மடிப்பீங்க?"

"கோணலா."

மூணு நாள் இப்படி. எட்டு முதல் ஒன்பது தூளி, ரெண்டு முதல் மூணு தூளி. மத்த நேரத்துல படார் படார்னு கச்சிதமா மடியும், பாட்டு மட்டும் இல்ல. முப்பது வருஷத்துல நான் நடத்தின எந்த மெதுவா வேலை செய்யற போராட்டமும் இவ்ளோ அழகா நடந்ததில்ல. ரெண்டே மணிக்கட்டு. பந்தல் கிடையாது, மைக் கிடையாது.

மேனேஜர் நாலாவது மாடிக்கே ஏறிப் போய்க் கேட்டாரு. டாக்டரம்மா சொன்னாங்களாம், "கட்டளை போட்டா உடம்பு என்ன பண்ணும்னு நான் அளக்கல சார். வேணும்னா அதைத் தனியா ஆராயலாம். ஒரு வருஷம் ஆகும். உங்களுக்கும் ஒரு பட்டை கட்டணும்."

வெள்ளிக்கிழமை காலையில அவரே வந்து நோட்டீஸை நகத்தால சுரண்டி எடுத்தாரு. திரும்பி நடக்கறப்ப ஸ்டாப் வாட்ச்சைக் கழுத்துல இருந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. நாத்தனார் உள்ளங்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டா. எட்டு மணியும் இல்ல, ரெண்டு மணியும் இல்ல. பத்து நாப்பது. படார்னு ஒரு இழு.

பாட்டு குழாய் வழியா மேல போச்சு. கொஞ்ச நேரத்துல மேல இருந்து யாரோ குழாயை ரெண்டு தட்டுத் தட்டினாங்க.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த வருஷம் அச்சுல வந்துச்சு. டாக்டரம்மா ஒரு பிரதி கொண்டு வந்து குடுத்தாங்க. பேரெல்லாம் இல்ல. "பாடியவர்கள்: இருவர்" அப்படின்னு ஒரு வரி இருக்குன்னு படிச்சுக் காட்டினாங்க. நாத்தனார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கா, தன் அம்மா கட்டிலுக்கு, அதான் சைரன் மாமியார் கட்டிலுக்கு, நேர் எதிர்ல.

மாமியார் சும்மா இருப்பாங்களா? போன மாசம் சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தாங்க, நானும் போயிருந்தேன். சாப்பாடு முடிஞ்சதும் அந்தம்மா ஆரம்பிச்சாங்க. "பேப்பர்லயெல்லாம் வந்துட்டா. நமக்குன்னு கேட்டா மட்டும் பிகு."

சைரன் நாத்தனாரைப் பார்த்தா. அவ எந்திரிச்சு உள்ள போனா. அம்மா கட்டில்ல விரிச்சிருந்த பெட்ஷீட்டை உருவிக்கிட்டு வந்தா. உக்காந்திருந்தவங்க சுவரோரமா நகர்ந்தாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு மூலையைப் புடிச்சு, ஹால் நடுவுல மூணு அடி பின்னால போனாங்க. நாத்தனார் சாய்ஞ்சா.

பஸ் ஓட்டற மனுஷன் வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தாரு. கையில தண்ணிச் சொம்பு. இருபது வருஷத்துக்கு மேல இதே வீட்டுல இருந்த குரலை முதல் தடவையா கேக்கறாரு. பாட்டு முடியற வரைக்கும் சொம்பு வாய்க்குப் போகல.

முடிஞ்சப்ப ஷீட் கச்சிதமா நாலா மடிஞ்சு சைரன் கையில இருந்துச்சு. மாமியார்தான் தொண்டையைச் செருமினாங்க.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப என் கட்டில்ல அதை மறுபடி யாரு விரிக்கறது?"